சுமையால் தேய்ந்த பாதை: கிராண்ட் போர்ட்டேஜ் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் பயணப் பகுதியில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்து காட்டுக்குள் செல்லும் கிராண்ட் போர்ட்டேஜ் என்னும் பழைய பாதையைப் பற்றி ஒரு பத்தி மட்டுமே எழுத இடம் கிடைத்தது. ஒரு பத்தியில் அடங்கும் இடமன்று அது என்பதை வந்து சேர்ந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே இந்த இதழின் பதில்கள் அனைத்தையும் அந்தப் பாதைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ‘போர்ட்டேஜ்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? பக்கத்திலேயே ஆறு ஓடும்போது, தோணியில் போகாமல் ஏன் நடந்தார்கள்? (வாசகி, திருச்சி)

பதில்: சுமந்து செல்லுதல் என்பதே அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். நீர்வழியில் தோணி போக முடியாத இடம் வரும்போது, சரக்கையும் சில வேளைகளில் தோணியையும் தலையிலும் தோளிலும் ஏற்றிக்கொண்டு, தோணி மீண்டும் மிதக்கும் இடம்வரை நடந்து சேர்க்கும் கரைவழிக்கு அந்தப் பெயர். தமிழில் அதைச் ‘சுமைவழி’ என்று சொல்லலாம்.

இங்கே நடக்க வைத்தது பிஜன் ஆறு. இன்று அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் எல்லையாக ஓடும் இந்த ஆறு, சுப்பீரியர் ஏரியில் கலப்பதற்கு முந்தைய சுமார் 20 மைல் தொலைவில் அருவியும் பாறையிடுக்கும் பாய்ச்சலுமாக இறங்குகிறது. அவற்றில் பெரியதான ஹை ஃபால்ஸ் அருவி மட்டுமே 120 அடி உயரம். எவ்வளவு தேர்ந்த தோணிக்காரரானாலும் அதன் வழியே ஏறவோ இறங்கவோ வழியில்லை. ஆனால் அந்த 20 மைலைத் தாண்டிவிட்டால், அதன்பின் ஏரியும் ஆறும் மாறிமாறி, இடையிடையே சிறு சுமைவழிகளோடு, ரெய்னி ஏரி, லேக் ஆஃப் தி வுட்ஸ், வினிபெக் ஏரி என்று இன்றைய கனடாவின் வடமேற்கிலுள்ள அத்தபாஸ்கா பகுதி வரை தோணியிலேயே போய்விடலாம். ஒரு கண்டத்தின் உட்பகுதிக்கே வாசல் திறந்திருக்க, வாசற்படியில் மட்டும் இந்த அருவிகள் குறுக்கே கிடக்கின்றன. அந்த இடைஞ்சலைச் சுற்றிக்கொண்டு, ஏரிக்கரையிலிருந்து அருவிகளுக்கு மேலே ஆறு அமைதியாக ஓடும் இடத்தைச் சென்றடையும் 8.5 மைல் (சுமார் 13.7 கிலோமீட்டர்) பாதைதான் கிராண்ட் போர்ட்டேஜ்.

அந்தப் பெயர் ஒரு மொழிபெயர்ப்பு என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணின் மக்களான ஒஜிப்வேக்கள் தங்கள் மொழியில் இந்த இடத்தைக் ‘கிச்சி ஒனிகமிங்’ என்கிறார்கள். பெரிய சுமைவழி என்பதே அதற்கும் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது பாதையும் இருந்தது, பெயரும் இருந்தது.

கேள்வி: ஒவ்வொருவரும் 80 கிலோ சுமந்து மலையேறினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது மிகைப்படுத்தல் இல்லையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. சொல்லப்போனால், குறைத்துத்தான் எழுதியிருந்தேன்.

வொயாஜர்கள் என்று அழைக்கப்பட்ட அந்தத் தோணிக்காரர்களில் பெரும்பாலோர் கிழக்குக் கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சுற்றியிருந்த சிற்றூர்களைச் சேர்ந்த, பிரெஞ்சு பேசும் உழவர் குடும்பத்து இளைஞர்கள். பண்டங்களைக் கொடுத்து விலங்குத் தோல் வாங்கிய நார்த் வெஸ்ட் கம்பெனியின் சரக்குகள் எல்லாம் ஏறக்குறைய 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ எடையுள்ள பொதிகளாகக் கட்டப்பட்டன. கம்பளி, துணி, செம்புக் கெண்டி, துப்பாக்கி, வெடிமருந்து, புகையிலை, மணிகள், ரம் என எதுவானாலும் கணக்கு அதுதான். ஒரு நடைக்கு இரண்டு பொதிகள் என்பது வழக்கம். 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக முதுகில் அடுக்கி, அதற்குமேல் இன்னும் ஏழு கிலோவை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு விளங்கும்.

அலெக்சாண்டர் மெக்கன்சி, அந்தக் கம்பெனியின் பங்காளிகளில் ஒருவராக இருந்து, அமெரிக்கக் கண்டத்தைத் தரைவழியே கடந்து 1793-இல் பசிபிக் கடலைத் தொட்டவர். அவர் 1801-இல் வெளியிட்ட பயண நூலில் இந்தச் சுமைவழியின் வேலை முறையை எழுதியிருக்கிறார். மான்ட்ரியலிலிருந்து வந்த ஒவ்வோர் ஆளும் எட்டுப் பொதிகளை மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்குமேல் சுமக்கும் பொதிக்குத்தான் தனிக்கூலி. சிலர் இரண்டு பொதிகளோடு புறப்பட்டுப் போய், வேறு இரண்டு பொதிகளைச் சுமந்துகொண்டு ஆறு மணி நேரத்துக்குள் திரும்பி வந்ததைத் தாமே கண்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார். இரண்டிரண்டாக எட்டுப் பொதிகள் என்றால் நான்கு நடை. ஒவ்வொரு நடையும் போகவர 17 மைல். நான்கு நடைக்கும் சேர்த்து 68 மைல், ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இது மான்ட்ரியலிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தவர்களுக்குக் காத்திருந்த வேலை.

பாதை தொடங்கும் ஏரிக்கரையில் உள்ள தேசிய நினைவிடத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு மாதிரிப் பொதியைத் தோல்பட்டையோடு வைத்திருந்தார்கள். அங்கிருந்த வழிகாட்டி அதை எப்படிச் சுமப்பது என்று எனக்குக் காட்டித் தந்தார். பட்டையின் நடுப்பகுதி மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அது நெற்றிக்குச் சற்று மேலே, மயிர் தொடங்கும் இடத்தில் பதிய வேண்டும். பட்டையின் இரு வால்களும் பின்னால் போய்ப் பொதியைக் கட்டியிருக்கும். பொதி இடுப்பெலும்பின் மேல் படிந்து நிற்க, உடலை முன்னுக்குச் சாய்த்துக் கழுத்தால் இழுக்க வேண்டும். இரண்டாவது பொதியைக் கட்டுவதில்லை. முதல் பொதியின் மேல், தோள்பட்டைகளுக்கு நடுவே சும்மா ஏற்றி வைத்துவிடுவார்கள். நான் முதல் பொதியோடு பத்தடி நடந்தேன். கண் தானாகவே தரையைப் பார்த்தது. தலையைத் திருப்ப முடியவில்லை. அவர்கள் இந்தக் காட்டை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது அப்போது புரிந்தது. காட்டைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்; காலடியில் இருந்த வேரையும் கல்லையும்தான் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று. இந்தப் பாதையை அவர்கள் மைலால் அளக்கவில்லை. சுமையை இறக்கி இளைப்பாறும் இடத்துக்குப் ‘போஸ்’ என்று பெயர். ஓர் இடத்தில் பொதியை இறக்கிவிட்டு, திரும்பிப் போய் அடுத்ததை எடுத்து வந்து, எல்லாம் சேர்ந்தபின் அடுத்த போஸுக்குப் புறப்படுவார்கள். கிராண்ட் போர்ட்டேஜில் 16 போஸ்கள் என்பது கணக்கு. நம் ஊர்ச் சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். சுமப்பவர் குனியாமல், பிறர் துணையில்லாமல் சுமையை இறக்கி ஏற்ற வேண்டும் என்று நினைத்து யாரோ வைத்த கல் அது. இந்தப் பாதையில் அப்படிக் கல் எதுவும் இல்லை. தரையில் இறக்க வேண்டும், தரையிலிருந்துதான் தூக்க வேண்டும்.

தோணியையும் சுமந்தார்களா என்று நீங்கள் அடுத்து கேட்கக்கூடும். பெரிய ஏரிகளுக்கான மான்ட்ரியல் தோணி சுமார் 36 அடி நீளமானது. அது ஏரிக்கரையிலேயே நின்றுவிடும். உள்நாட்டு ஆறுகளுக்கு 25 அடி அளவிலான சிறிய வடதோணி மறுமுனையில் இருந்து புறப்படும். ஆகவே இந்தப் பாதையில் பெரும்பாலும் நடந்தது சரக்குதான். நினைவிடத்தின் மரமதிலுக்கு வெளியே உள்ள தோணிக் கொட்டகையில் இரு வகைத் தோணிகளையும் அருகிலிருந்து பார்க்கலாம். பிர்ச் மரப்பட்டையை ஸ்ப்ரூஸ் வேரால் தைத்து, தையல்மேல் அந்த மரத்துப் பிசினைக் கொழுப்போடும் கரித்தூளோடும் உருக்கிப் பூசியிருப்பார்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் பிசின் மணம் வரும். வழியில் கல் உரசிப் பட்டை கிழிந்தால், மாலையில் கரையேறியதும் மீண்டும் பிசினை உருக்கிப் பூச வேண்டும். அதன்பின் அதே தோணியைக் கவிழ்த்து, அதன் அடியில்தான் படுப்பார்கள்.

கேள்வி: இவ்வளவு முக்கியமான பாதை ஏன் கைவிடப்பட்டது? இப்போது அது யாருடையது? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: பாதை ஒஜிப்வேக்களுடையது. வணிகம் வந்தது, போனது. அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். இதை முதலில் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். பல வழிகாட்டி ஏடுகள் தோல் வணிகத்தில் தொடங்கித் தோல் வணிகத்தோடு முடித்துவிடுகின்றன.

1731-இல் லா வெரென்ட்ரி என்ற பிரெஞ்சுப் பயணி தம் ஆட்களோடு இங்கே வந்து சேர்ந்தார். சுமைவழியைக் கண்டதும் ஆட்களில் பலர் மேலே போக மறுத்துவிட்டனர். அவருடைய சகோதரியின் மகன் ஒரு சிறு குழுவோடு முன்னே போக, அவர் அந்தக் குளிர்காலத்தைக் கமினிஸ்டிக்வியா ஆற்றுமுகத்தில் கழிக்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சு ஆட்சி முடிந்தபின் பிரிட்டிஷ் வணிகர்கள் வந்தார்கள். 1780-களிலும் 1790-களிலும் இது நார்த் வெஸ்ட் கம்பெனியின் நடுநாயகமான கிடங்காக இருந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் மான்ட்ரியலிலிருந்து சரக்கோடு வந்தவர்களும், காட்டின் உட்பகுதியில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் தோல் பொதிகளோடு இறங்கி வந்தவர்களும் இங்கே கூடினார்கள். அந்தப் பீவர் மயிர் ஐரோப்பாவில் தொப்பியாயிற்று. இவ்வளவு உழைப்பும் ஒரு தொப்பிக்காகவா என்ற வருத்தம் எனக்கு அங்கே நின்றபோது எழுந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்த வணிகம் ஒஜிப்வேக்கள் இல்லாமல் ஒரு நாளும் நடந்திருக்காது. தோணிக்கு வேண்டிய பட்டையும் பிசினும் வேரும், உண்ணக் காட்டரிசியும், வழியின் அறிவும் அவர்களிடமிருந்தே வந்தன. வணிகர்கள் பலர் அவர்களோடு மண உறவும் கொண்டனர்.

கைவிடப்பட்டதற்குக் காரணம் எல்லைக்கோடு. 1783-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைப்படி இந்தக் கரை அமெரிக்காவின் பங்குக்குப் போயிற்று. அமெரிக்க அரசு ஒருநாள் வரி கேட்டு வரும் என்பதை உணர்ந்த பிரிட்டிஷ் கம்பெனி, 1803-இல் தன் தலைமைக் கிடங்கை வடக்கே கமினிஸ்டிக்வியா ஆற்றுமுகத்துக்கு மாற்றிக்கொண்டது. அதுவே பின்னர் ஃபோர்ட் வில்லியம் ஆயிற்று. இன்றைய தண்டர் பே நகரம் அங்கேதான் இருக்கிறது. 1842-இல் இரு நாடுகளும் செய்த வெப்ஸ்டர்-ஆஷ்பர்ட்டன் உடன்படிக்கை, இந்தச் சுமைவழி இரு நாட்டு மக்களுக்கும் தடையின்றித் திறந்திருக்க வேண்டும் என்று பெயர் குறித்தே சொன்னது. ஆனால் அதற்குள் பெருங்கூட்டம் வடக்கே போய்விட்டது.

1854-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒஜிப்வேக்களுக்கு என்று கிராண்ட் போர்ட்டேஜ் ஒதுக்கீட்டு நிலம் வரையறுக்கப்பட்டது. நினைவிடம் அமைந்திருக்கும் நிலம் அந்த மக்கள் தம் ஒதுக்கீட்டிலிருந்து கொடுத்தது. 1951-இல் தேசிய வரலாற்றுத் தலமாகவும், 1958-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய நினைவிடமாகவும் அது அறிவிக்கப்பட்டது. 1999 முதல் தேசியப் பூங்காத் துறையும் கிராண்ட் போர்ட்டேஜ் ஒஜிப்வே அரசும் சேர்ந்து அதைப் பராமரிக்கின்றன. பாதையைச் சீர்செய்வது, மரப்பாலம் போடுவது போன்ற வேலைகளை அந்த மக்களே செய்கிறார்கள்.

கேள்வி: ஆகஸ்டில் மினியாபொலிஸில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. 8.5 மைல் நடக்க முடியாதவர்கள் அங்கே போவதில் பயன் உண்டா? (வாசகி, சேலம்)

பதில்: கட்டாயம் போங்கள், அம்மா. மினியாபொலிஸிலிருந்து சுமார் 300 மைல். டுலூத் வரை ஒரு பாதி, அங்கிருந்து சுப்பீரியர் ஏரியை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு 61-ஆம் நெடுஞ்சாலையில் மறுபாதி. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். ஓர் இரவாவது அங்கே தங்குங்கள்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. 2007-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் ஆண்டு முழுவதும் இயங்குகிறது. மரமதிலுக்குள் மீண்டும் கட்டப்பட்டுள்ள பெருங்கூடமும் சமையற்கட்டும் கோடைக்காலத்தில் மட்டும் திறந்திருக்கும். அந்தப் பெருங்கூடம் முன்பு ஒருமுறை மறுகட்டுமானம் செய்யப்பட்டு, 1969-இல் இடி விழுந்து எரிந்துபோனது. இப்போது நிற்பது அதன்பின் கட்டியது. ஆகஸ்டின் இரண்டாம் வார இறுதியில், பழைய வணிகக் கூடலை நினைவுகூரும் ‘ராண்டெவூ’ விழாவும் ஒஜிப்வேக்களின் பவ்வாவ் என்னும் ஆடற்கூடலும் ஒருசேர நடக்கும். உங்கள் தேதி ஒத்துவந்தால் அதையொட்டிப் போங்கள். ஆனால் தங்குமிடத்தை மிக முன்னதாகவே பதிந்துகொள்ள வேண்டும்.

பலர் மதிலையும் கூடத்தையும் பார்த்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது கோயிலின் கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கருவறைக்குப் போகாமல் திரும்புவதற்கு ஒப்பு. உங்கள் கணவரால் அரை மைல்தான் முடியும் என்றால் அந்த அரை மைலைப் பாதையிலேயே நடக்கட்டும். மதிலுக்குப் பின்னாலிருந்து தொடங்கும் பாதை, நெடுஞ்சாலையைக் கடந்ததும் காட்டுக்குள் போய்விடும். ஏரியின் இரைச்சல் அடங்கி, காலடியில் மண் குழைவதை உணரும்வரை போனால் போதும்.

அடுத்து, அங்கிருந்து சில மைல் வடக்கே உள்ள கிராண்ட் போர்ட்டேஜ் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். ஹை ஃபால்ஸ் அருவிக்கு அரை மைல் தொலைவுக்குச் செப்பமான பாதையும் மரப்பலகை நடையும் உண்டு. முழங்கால் வலியுள்ளவரும் மெதுவாகப் போய்விடலாம். அருவியின் எதிரே நின்றால், அந்தச் சுமைவழி ஏன் தேவைப்பட்டது என்பதை யாரும் விளக்க வேண்டியிராது. ஒரு எச்சரிக்கை: அந்தப் பூங்காவின் வாயிலைத் தவறவிட்டால் கார் நேரே கனடா எல்லைச் சாவடிக்குப் போய்விடும். சுற்றுலா விசாவில் வந்திருப்பவர்களுக்கு அது தேவையில்லாத சிக்கலைத் தரும். அந்தப் பகுதியில் கைபேசி கனடாவின் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டுவதும் உண்டு. ஆகவே மணிக்குக் கைக்கடிகாரத்தை நம்புங்கள்.

உங்கள் மகளும் மருமகனும் முழுப் பாதையையும் நடக்க விரும்பினால், போகவர 17 மைல் என்பதை மறக்கக் கூடாது. ஏற்றம் 600 அடிக்கு மேல். ஒருநாள் நடை கடினமாகத் தோன்றினால், பாதையின் நடுவே குறுக்கிடும் பழைய 61-ஆம் சாலையில் காரை நிறுத்தி, அங்கிருந்து ஆறுவரை போய்த் திரும்பலாம். ஜூனிலும் ஜூலையிலும் கொசுவும் கடிக்கும் கரிய ஈயும் சூழ்ந்துகொள்ளும். நான் ஜூன் இறுதியில் போனபோது தலையை மூடும் கொசுவலை இல்லாமல் நின்று தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லை. முழுக்கைச் சட்டையும், நனைந்தாலும் வழுக்காத காலணியும் தேவை. பீவர்கள் அணைகட்டிப் பாதையின் மேலேயே நீரைத் தேக்கிவிடுவது இப்போதும் நடக்கிறது. அந்தத் தோலுக்காகத்தான் இந்தப் பாதை இவ்வளவு மிதிபட்டது என்பதை நினைத்தால், அந்தத் தேங்கிய நீரைக் கண்டு சலிப்பு வராது.

கேள்வி: நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். அவ்வளவு தொலைவு போகாமல், இதே வழியைச் சேர்ந்த சுமைவழி ஏதும் ஒன்டாரியோவில் உண்டா? (வாசகர், கனடா)

பதில்: உண்டு. மான்ட்ரியல் தோணிகள் ஒட்டாவா ஆறு, மட்டாவா ஆறு, நிப்பிசிங் ஏரி, பிரெஞ்ச் ரிவர் வழியாகத்தான் ஹூரோன் ஏரிக்கு இறங்கி, பின்பு சுப்பீரியருக்குப் போயின. 1615-இல் சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுப் பயணி போனதும் அந்த வழிதான். 69-ஆம் நெடுஞ்சாலையில், உங்களிடமிருந்து சுமார் நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில், பிரெஞ்ச் ரிவர் பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கிருந்து ஆற்றோரமாகவே நடந்து ரெக்கொலே அருவிக்குப் போகலாம். அருவியைச் சுற்றிச் செல்லும் சுமைவழி மிகக் குறுகியது, குழந்தைகளுக்கும் ஏற்றது. நார்த் பே அருகே, ட்ரவுட் ஏரிக்கும் நிப்பிசிங் ஏரிக்கும் இடையே உள்ள லா வாஸ் சுமைவழிகள் சேறு மிகுந்தவை. பழக்கமுள்ளவர்களோடு மட்டும் போங்கள்.

கேள்வி: அங்கே பாறைமேல் வளர்ந்த ஒரு புனித மரம் இருப்பதாகப் படித்தேன். பார்க்கலாமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: ‘மனிடூ கீஷிகென்ஸ்’, அதாவது சிறு ஆவி தேவதாரு. ஏரிக்குள் நீண்ட ஹாட் பாயின்ட் முனையில், மண்ணே இல்லாத பாறையின் வெடிப்பில், 300 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் மரம். ஏரியில் இறங்குவதற்குமுன் ஒஜிப்வேக்கள் அதன் அடியில் புகையிலையை வைத்து வணங்குவது வழக்கம். முன்பு வந்தவர்கள் நினைவுப்பொருளாகக் கிளைகளை ஒடித்து எடுத்ததால், இப்போது அந்த மக்களில் ஒருவர் வழிகாட்டியாக உடன் வந்தால் மட்டுமே போக முடியும். அனுமதி கிடைக்காவிட்டால் மறுபேச்சின்றித் திரும்பிவிடுங்கள். அது அவர்கள் வழிபடும் இடம்.

கேள்வி: முழுப் பாதையையும் நடந்து போனால் மறுமுனையில் என்ன இருக்கிறது? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: ஃபோர்ட் ஷார்லட் என்ற பெயர் மட்டும் பலகையில் இருக்கிறது. முன்பு அங்கே கிடங்குகள் இருந்தன. இன்று ஒரு கட்டடமும் இல்லை. புல் மூடிய மேடு பள்ளங்களைக் கவனித்துப் பார்த்தால், எங்கே சுவர் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். முன்னதாக இலவச அனுமதிச்சீட்டு பெற்றவர்கள் இரவு தங்கக் கூடாரமிட இடம் உண்டு.

அதைத் தாண்டிப் பத்தடி இறங்கினால் பிஜன் ஆறு. கீழே அருவியாக இரைந்த அதே ஆறு இங்கே தேநீர் நிறத்தில், ஓசையில்லாமல், நகர்கிறதா என்று ஐயுறும்படி ஓடுகிறது. கரை தாழ்ந்து, தோணியின் மூக்கை ஏற்றி வைக்கும் அளவுக்குச் சரிந்திருக்கிறது. பொதிகளை இங்கேதான் கடைசி முறையாக இறக்கினார்கள். நான் முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு, காலணியைக் கழற்றி, காலை நீரில் விட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கரை கனடா. நீரைக் கொதிக்க வைக்காமலோ வடிகட்டாமலோ குடிக்காதீர்கள். அன்றே திரும்புவதாக இருந்தால் நண்பகலுக்குள் புறப்பட்டுவிடுங்கள். வரும்போது இறக்கம் என்று நம்பிக் காலம் தாழ்த்தினால், கடைசி இரண்டு மைலில் மரநிழல் பாதையை மறைத்துவிடும்.